ஆக்குபேஷனல் தெரபியில் முதுநிலைப் படிப்பு: சேலத்திலிருந்து புறப்படுவோருக்கு ஒரு வழிகாட்டி

சேலத்தில் நான் வேலை செய்யும் சிகிச்சை மையத்துக்கு ஒவ்வோர் ஆண்டும் கோடை விடுமுறையின்போது இரண்டு வகையான மாணவர்கள் வருகிறார்கள். "சைக்காலஜி முடித்திருக்கிறேன் அக்கா, ஆக்குபேஷனல் தெரபியில் மாஸ்டர்ஸ் சேரலாமா?" என்று கேட்பவர்கள் ஒரு வகை. பி.ஓ.டி. எனும் ஆக்குபேஷனல் தெரபி இளநிலைப் படிப்பை முடித்துவிட்டோ, அதன் பயிற்சிக் காலத்தில் இருந்துகொண்டோ, "எந்தக் கல்லூரியில் எம்.ஓ.டி. சேர்வது நல்லது?" என்று அதன் முதுநிலைப் படிப்பைப் பற்றிக் கேட்பவர்கள் இன்னொரு வகை. இருவரும் ஒரே படிப்பைப் பற்றிக் கேட்பதுபோல் தோன்றினாலும், அவர்கள் கேட்பது முற்றிலும் வேறான இரண்டு வழிகளைப் பற்றியது. அவர்களுக்குத் தனித்தனியாகச் சொல்லிவந்ததை ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன்.

இத்துறையைத் தமிழில் தொழில்சார் சிகிச்சை என்றும் செயல்முறை சிகிச்சை என்றும் பலவிதமாக எழுதுகிறார்கள். பெயர் எதுவாயினும் வேலை ஒன்றுதான். பக்கவாதம் வந்த ஒரு வெண்பட்டு நெசவாளரின் தோளும் காலும் அசையத் தொடங்கிய பிறகு, அவர் மீண்டும் தறிக்குழியில் இறங்கி உட்கார முடிகிறதா, மிதிகட்டையை மிதிக்கும்போதே நாடாவை இழுக்க முடிகிறதா, அறுந்த இழையைக் கண்டு முடிச்சுப் போட முடிகிறதா என்பதுவரை உடனிருந்து பார்ப்பது எங்கள் பொறுப்பு. இயன்முறை மருத்துவத்தோடு பல இடங்களில் கைகோத்து நடந்தாலும், அந்த மனிதர் அன்றாடம் செய்யும் செயலே எங்களுக்குத் தொடக்கமாகவும் முடிவாகவும் இருக்கிறது. எம்.ஓ.டி. படிப்பைப் பற்றி எடுக்கும் ஒவ்வொரு முடிவையும் இதை நினைவில் வைத்தே எடுக்க வேண்டும் என்பது என் கருத்து.

எந்த வழி உங்களுடையது என்று முதலில் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்

இந்தியாவில் எம்.ஓ.டி. என்பது ஏற்கெனவே ஆக்குபேஷனல் தெரபிஸ்டாக இருப்பவர் மேலும் ஆழமாகப் படிக்கும் இரண்டாண்டுப் படிப்பு. அதில் சேர பி.ஓ.டி. பட்டமும், அதன் பகுதியான கட்டாயப் பயிற்சியை முடித்த சான்றும் வேண்டும். உளவியல், சமூகப்பணி, சிறப்புக் கல்வி, செவிலியர் படிப்பு ஆகியவற்றில் பட்டம் பெற்றவர்களும், இயன்முறை மருத்துவத்தில் பட்டம் பெற்றவர்களும் நேரடியாக இதில் சேர முடியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் இணையத்தில் தேடும்போது முதலில் கண்ணில் படுவது பெரும்பாலும் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் பக்கங்களே. அந்நாட்டில் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் ஆவதற்கான நுழைவுப் படிப்பே முதுநிலைப் பட்டம் அல்லது அதற்கும் மேற்பட்ட தொழில்முறை முனைவர் பட்டம் என்பதால், வேறு துறையில் இளநிலைப் பட்டம் பெற்றவர்கள், குறிப்பிட்ட சில முன்பாடங்களை முடித்திருந்தால், அங்கே விண்ணப்பிக்கலாம். இங்கிலாந்திலும் பிற துறைப் பட்டதாரிகளுக்கான இரண்டாண்டு முதுநிலை நுழைவுப் படிப்புகள் உள்ளன. அந்தப் பக்கங்களில் வாசித்ததை நம் ஊர்க் கல்லூரிக்குப் பொருத்திப் பார்த்து ஏமாந்தவர்கள் பலரை நான் பார்த்திருக்கிறேன்.

ஆகவே நீங்கள் வேறு துறைப் பட்டதாரியாக இருந்து, இந்தியாவிலேயே படிக்க விரும்பினால், பிளஸ் டூவில் உயிரியல் எடுத்திருந்தவராயின் பி.ஓ.டி.யிலிருந்து தொடங்குவதே வழி. அது நான்கு ஆண்டுக்கும் மேற்பட்ட காலம் என்பதை வீட்டாரோடு உட்கார்ந்து பேசிவிட்டு முடிவெடுங்கள். மற்றவர்கள் கீழே உள்ளதைத் தொடர்ந்து வாசிக்கலாம்.

பட்டம் வாங்கிய கையோடு சேர்வதா, வேலை பார்த்துவிட்டுச் சேர்வதா

குறைந்தது ஓராண்டு வேலை செய்துவிட்டுச் சேருங்கள் என்றே நான் சொல்வேன். வீட்டுச் சூழல் இடம் தராதவர்களும், திருமணப் பேச்சு தொடங்கிவிட்டால் படிப்பு நின்றுபோகும் என்று அஞ்சும் பெண்களும் உடனே சேர்வதில் தவறில்லை. அவர்களுடைய கணக்கு வேறு. ஆனால் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு இருக்கிறவர்கள் அந்த ஓராண்டை வீணென்று நினைக்க வேண்டாம். பயிற்சிக் காலத்தில் ஆசிரியர் பக்கத்தில் இருப்பார், வேலையில் சேர்ந்த பிறகுதான் ஒரு குழந்தையின் தாய் நேராக உங்கள் முகத்தைப் பார்த்து, "இவன் தானாகச் சாப்பிடுவானா?" என்று கேட்பார். அந்தக் கேள்விக்கு உங்களிடம் விடை இல்லாமல் போகும் இடம்தான், முதுநிலைப் படிப்பில் நீங்கள் எதைத் தேட வேண்டும் என்பதைக் காட்டித்தரும்.

சேலத்துக்குள்ளேயே அந்த ஓராண்டு அனுபவத்தைப் பெறலாம். தனியார் குழந்தை வளர்ச்சி மையங்கள், சிறப்புப் பள்ளிகள், மனநல மறுவாழ்வு இல்லங்கள், எலும்பு முறிவு மருத்துவமனைகள் ஆகியவற்றில் இளநிலைப் பட்டதாரிகளை எடுத்துக்கொள்கிறார்கள். அரசுத் தரப்பில், 2013இல் தொடங்கப்பட்ட தேசியச் சிறார் நலத் திட்டத்தின் கீழ் அமைந்த மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையங்கள், ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் உள்ளடக்கிய கல்விப் பிரிவு, மாற்றுத்திறனாளிகள் நலத்துறையின் விழுதுகள் சேவை மையங்கள் ஆகியவற்றில் ஒப்பந்த அடிப்படையில் இடங்கள் அறிவிக்கப்படும்போது விண்ணப்பியுங்கள். சம்பளம் பெரிதாக இருக்காது. ஆனால் வாரத்தில் ஒரு நாளாவது மலைக் கிராமத்துக்கோ ஒன்றியப் பள்ளிக்கோ போகக் கிடைக்கும் வேலையாக இருந்தால், சம்பளம் சற்றுக் குறைந்தாலும் அதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

அந்த ஓராண்டில் ஒரு குறிப்பேடு வைத்துக்கொண்டு, பெயரோ முகவரியோ எழுதாமல், எந்த வகை நோயாளி வந்தார், என்ன அளவுகோலால் மதிப்பிட்டேன், என்ன செய்தேன், எங்கே சிக்கினேன் என்று நாள்தோறும் நான்கு வரி எழுதிவாருங்கள். நேர்காணலில் உங்களைத் தனித்துக் காட்டுவதும், பிற்பாடு ஆய்வுத் தலைப்பாக மாறுவதும் அந்த நான்கு வரிகள்தான்.

பிரிவைத் தேர்ந்தெடுத்தல்

எம்.ஓ.டி.யில் பொதுவாக நரம்பியல், எலும்பியலும் கை மறுவாழ்வும், குழந்தைகள், மனநலம், சமூக மறுவாழ்வு என்ற பிரிவுகள் உண்டு. எல்லாக் கல்லூரிகளிலும் எல்லாப் பிரிவுகளும் இருப்பதில்லை. ஒரே பிரிவு இரண்டு கல்லூரிகளில் இரண்டு பெயரில் இருப்பதும் உண்டு. இன்று பெரும்பாலானோர் குழந்தைகள் பிரிவையே கேட்கிறார்கள். ஆட்டிசம், கவனக்குறைவு, கற்றல் குறைபாடு ஆகியவற்றுக்கான மையங்கள் ஊருக்கு ஊர் பெருகிவிட்டதால் வேலை உடனே கிடைக்கிறது என்பதே காரணம். அது நியாயமான காரணம்தான். ஆனால் அந்தப் பிரிவில் உங்களுக்கு உண்மையான நாட்டம் இருக்கிறதா என்பதை, ஊஞ்சலும் பந்தும் இருக்கும் சிகிச்சை அறையில் அல்லாமல், அந்தக் குழந்தையின் வீட்டில் ஒரு காலை நேரம் பல் துலக்குவது முதல் பள்ளி வேன் ஏறுவது வரை உடனிருந்து பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

மற்ற பிரிவுகளை ஒதுக்கிவிடாதீர்கள் என்று நான் வற்புறுத்துவதற்கு நம் மாவட்டமே காரணம். செவ்வாய்ப்பேட்டையிலும் அதைச் சுற்றியுள்ள தெருக்களிலும் வெள்ளிக் கொலுசு செய்யும் பட்டறைகளில் வேலை செய்பவர்களுடைய வாழ்க்கை கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் இருக்கிறது. மணிக்கட்டில் நரம்போ தசைநாணோ அறுபட்டுத் தைக்கப்பட்ட ஒருவருக்கு விரல் மடங்குவது மட்டும் போதாது. இடுக்கியில் சலங்கையைப் பிடித்துப் பற்றவைக்கும் அளவுக்கு விரல் நுனியில் உணர்ச்சியும் பிடியும் திரும்ப வேண்டும். சேர்வராயன் மலையிலோ, காப்பித் தோட்டங்களில் நிழல் தரும் சில்வர் ஓக் மரங்களில் படர்ந்திருக்கும் மிளகைப் பறிக்க உயரமான ஏணியில் ஏறுகிறார்கள். அங்கிருந்து தவறி விழுந்து தண்டுவடம் அடிபட்டவர் மருத்துவமனையிலிருந்து சக்கர நாற்காலியோடு வீடு திரும்பும்போது, அந்த வீட்டுக்குப் படிக்கட்டும் சரிவும் தவிர வேறு பாதை இருப்பதில்லை. கை மறுவாழ்வும் நரம்பியலும் சமூக மறுவாழ்வும் படித்தவர்களுக்கு இங்கே வேலை நிறைய இருக்கிறது, ஆட்கள்தான் குறைவு.

மனநலப் பிரிவைப் பற்றியும் ஒரு சொல். நீண்டகால மனச்சிதைவு நோயோடு வாழும் ஒருவர் காலையில் எழுந்து குளித்து, ஒரு வேலையை இரண்டு மணி நேரம் தொடர்ந்து செய்ய முடிகிற நிலைக்கு வருவது மருந்தால் மட்டும் நடப்பதில்லை. ஆக்குபேஷனல் தெரபியின் வேர்களில் ஒன்றே மனநல இல்லங்களில்தான் இருக்கிறது என்பதை இன்றைய மாணவர்கள் பலர் மறந்துவிடுகிறார்கள்.

கல்லூரியைத் தேர்ந்தெடுத்தல்

ஆசியாவின் முதல் ஆக்குபேஷனல் தெரபிப் பள்ளி 1950இல் பம்பாயின் கே.இ.எம். மருத்துவமனையில் தொடங்கப்பட்டது. அமெரிக்காவில் பிறந்து இந்தியரை மணந்து இந்நாட்டவராகவே வாழ்ந்த கமலா நிம்ப்கர் அதைத் தொடங்கினார். இரண்டு ஆண்டுகளில், 1952இல், அகில இந்திய ஆக்குபேஷனல் தெரபிஸ்டுகள் சங்கம் உருவாயிற்று. அதே ஆண்டில் தொடங்கிய உலக ஆக்குபேஷனல் தெரபிஸ்டுகள் கூட்டமைப்பின் நிறுவன உறுப்பினர்களில் இந்தியாவும் ஒன்று. பம்பாயில் இன்றும் முதுநிலைப் படிப்பு நடக்கிறது.

நமக்கு அருகில் என்று பார்த்தால் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியும், கோயம்புத்தூர் கே.எம்.சி.எச். ஆக்குபேஷனல் தெரபிக் கல்லூரியும், காட்டாங்குளத்தூர் எஸ்.ஆர்.எம். நிறுவனமும் நினைவுக்கு வருபவை. மாநிலத்துக்கு வெளியே மணிப்பாலும், ஒடிசாவில் கட்டக் நகருக்கு அருகே ஒலட்பூரில் உள்ள சுவாமி விவேகானந்தர் தேசிய மறுவாழ்வு நிறுவனமும் உண்டு. ஒலட்பூரில் உள்ளது மத்திய அரசு நிறுவனம். முதுநிலைக்குத் தனி நுழைவுத்தேர்வு நடத்துகிறது. கட்டணச் சுமையால் படிப்பையே கைவிட நினைப்பவர்கள், மொழி தெரியாதே என்று தயங்காமல், அந்தத் தேர்வை ஒருமுறையாவது எழுதிப் பாருங்கள். எந்தக் கல்லூரியாயினும், அந்த ஆண்டு எந்தப் பிரிவில் எத்தனை இடம் என்பதை அவர்களுடைய அவ்வாண்டு அறிவிப்பில் மட்டுமே பார்க்க வேண்டும். மூத்தவர்கள் சொல்வதும் பழைய கையேடும் போதாது.

கட்டடத்தையும் விடுதியையும் பார்ப்பதற்கு முன் நான்கு கேள்விகள் கேளுங்கள். நீங்கள் விரும்பும் பிரிவில் நாளொன்றுக்கு எத்தனை நோயாளிகள் வருகிறார்கள்? உள்நோயாளிகளாகத் தங்கி மறுவாழ்வு பெறுவோர் உண்டா, வெளிநோயாளிகள் மட்டுமா? உங்களுக்கு வழிகாட்டியாக அமையக்கூடியவர் அந்தப் பிரிவிலேயே பணிபுரிபவரா? கடந்த இரண்டு ஆண்டு மாணவர்களின் ஆய்வேடுகளை நூலகத்தில் புரட்டிப் பார்க்க விடுவார்களா? கடைசிக் கேள்விக்குத் தயக்கமில்லாமல் சம்மதிக்கும் கல்லூரி பெரும்பாலும் நல்ல கல்லூரி. என்னோடு படித்த ஒரு தோழி கை மறுவாழ்வுப் பிரிவு என்று நம்பி ஓரிடத்தில் சேர்ந்தாள். அங்கே கை அறுவை சிகிச்சை நிபுணரே முழுநேரமாக இல்லை என்பது முதல் மாத முடிவில்தான் தெரிந்தது. இரண்டாண்டில் அவள் பார்த்த தசைநாண் தைப்பு நோயாளிகளை ஒரு கை விரல்களால் எண்ணிவிடலாம். முன்கூட்டியே ஒருநாள் போய் உட்கார்ந்து பார்த்திருந்தால் அது தெரிந்திருக்கும்.

போய்ப் பார்ப்பது கடினமன்று. சேலம் சந்திப்பிலிருந்து காட்பாடிக்கு ஏறத்தாழ மூன்று மணி நேரப் பயணம். கோயம்புத்தூர் அதனினும் அருகில். முன்னதாகத் துறைத் தலைவருக்குக் கடிதம் எழுதி அனுமதி பெற்று, புறநோயாளிப் பிரிவில் ஒரு காலைப்பொழுது உட்கார்ந்து வாருங்கள். வேலூருக்குப் போகிறவர்கள் பாகாயத்தில் உள்ள மறுவாழ்வு நிறுவனத்தையும் பார்க்க வேண்டும். 1954இல் நடந்த சாலை விபத்தில் தண்டுவடம் அடிபட்டு இரு கால்களும் செயலிழந்த பின்பும், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்த டாக்டர் மேரி வர்கீஸ் 1966இல் உருவாக்கிய இடம் அது. நம் துறையில் எதைச் சாதிக்க முடியும் என்பதை அங்கே ஒரு நாள் இருந்தால் கண்ணால் காணலாம்.

சான்றிதழ்கள்

இதைச் சுருக்கமாகவே சொல்லலாம். ஆனால் வாய்ப்பை இழப்பவர்கள் பெரும்பாலும் இங்கேதான் இழக்கிறார்கள். எல்லா ஆண்டு மதிப்பெண் பட்டியல்கள், பட்டச் சான்றிதழ் அல்லது தற்காலிகச் சான்றிதழ், பயிற்சி நிறைவுச் சான்றிதழ், மாற்றுச் சான்றிதழ், நன்னடத்தைச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ் ஆகியவற்றை அசலும் நகலுமாக வைத்திருங்கள். வேறு பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றவர்கள் இடப்பெயர்வுச் சான்றிதழும், சேரப்போகும் பல்கலைக்கழகத்தின் தகுதிச் சான்றிதழும் பெற வேண்டியிருக்கும். தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழுள்ள கல்லூரியில் சேர்பவர்கள் இதை விண்ணப்பத்தோடு சேர்த்தே தொடங்கிவிடுங்கள்.

பயிற்சி நிறைவுச் சான்றிதழில் தொடங்கிய தேதியும் முடிந்த தேதியும் சரியாக இருக்கின்றனவா என்று அலுவலகத்திலிருந்து வெளியேறுவதற்கு முன்பே பாருங்கள். என்னுடைய சான்றிதழில் மாதம் ஒன்று தவறாகத் தட்டச்சாகியிருந்தது. அதைத் திருத்தி வாங்குவதற்குள் ஒரு கல்லூரியின் கடைசித் தேதி கடந்துவிட்டது. ஓர் ஆண்டு காத்திருந்தேன்.

தேர்வும் நேர்காணலும்

உடற்கூறு, உடலியங்கியல், உயிரியக்கவியல், நரம்பு உடற்கூறு, மனநோயியல், எலும்பியல், நரம்பியல் ஆகிய மருத்துவ அடிப்படைகளும், ஆக்குபேஷனல் தெரபியின் கோட்பாடுகளும், மதிப்பீட்டு அளவுகோல்களும் நுழைவுத்தேர்வில் வரும். மறந்துபோனவற்றைத் திரும்பப் படிக்க மூன்று மாதம் போதும். முதலில் உடற்கூறை எடுங்கள். மேற்கையின் நரம்புப் பின்னலையும் கையின் உள்தசைகளையும் தாளில் வரைந்து வரைந்து மனத்தில் ஏற்றுங்கள். கோட்பாடுகளில் கீல்ஹோஃப்னரின் மனிதச் செயல் மாதிரி, ஜீன் அயர்ஸ் வகுத்த புலன் ஒருங்கிணைப்புக் கோட்பாடு ஆகியவற்றை, யார் சொன்னார் என்பதோடு நிறுத்தாமல், நீங்கள் பார்த்த ஒரு நோயாளியைக் கொண்டு விளக்கும் அளவுக்குப் படியுங்கள்.

நேர்காணலில் "ஏன் எம்.ஓ.டி.?" என்று கேட்பார்கள். "உயர்படிப்பு படிக்க ஆசை" என்பது விடையாகாது. ஒரு நோயாளியைச் சொல்லுங்கள்: அவர் எதைச் செய்ய முடியாமல் வந்தார், எப்படி மதிப்பிட்டீர்கள், எதுவரை கொண்டுவந்தீர்கள், எங்கே உங்கள் அறிவு நின்றுவிட்டது. ஐந்து நிமிடத்துக்குள் தெளிவாகச் சொல்லப் பழகுங்கள். ஆங்கிலத்தில் தடுமாற்றம் இருக்கிறது என்று அஞ்சும் மாணவர்கள், முதலில் தமிழில் முழுமையாகச் சொல்லிப் பார்த்துவிட்டுப் பின்னர் ஆங்கிலத்தில் சொல்லிப் பழகினால், கருத்து முறியாமல் வரும்.

பணம்

கல்விக் கட்டணத்தோடு விடுதி, சாப்பாடு, புத்தகம், ஆய்வுச் செலவு, ஆய்வேடு அச்சிடும் செலவு ஆகியவற்றையும் சேர்த்து இரண்டாண்டுக்குக் கணக்குப் போடுங்கள். கல்லூரி மாதாந்திர உதவித்தொகை தருகிறதா என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கல்விக் கடனுக்கு வித்யாலட்சுமி இணையவாயில் மூலம் விண்ணப்பிக்கலாம். வங்கிகள் பின்பற்றும் மாதிரித் திட்டப்படி 4 லட்சம் ரூபாய் வரை நம் பங்காக முன்பணம் போட வேண்டியதில்லை. கடன் உத்தரவாத நிதியத்தின் கீழ் 7.5 லட்சம் வரை சொத்துப் பிணை கேட்கப்படுவதில்லை. படிப்புக் காலமும் அதற்குப் பின் ஓராண்டும் முடிந்த பிறகே தவணை தொடங்கும் என்றாலும் வட்டி முதல் நாளிலிருந்தே ஏறும். ஆகவே முடிந்தால் வட்டியை மட்டுமாவது மாதாமாதம் கட்டிவருவது நல்லது. சேர்க்கைக் கடிதம் கைக்கு வந்த மறுநாளே வங்கிக்குச் செல்லுங்கள். முதல் கட்டணத் தேதிக்குள் கடன் வந்துசேரச் சில வாரங்கள் ஆகிவிடும்.

இரண்டாண்டுகளும் ஆய்வேடும்

முதல் ஆண்டில் வகுப்பு, கருத்தரங்கு, ஆய்வுக் கட்டுரை வாசிப்பு, நோயாளிப் பணி ஆகிய நான்கும் ஒரே நேரத்தில் வந்து விழும். சமாளித்துவிடலாம். ஆனால் ஆய்வேடு அப்படியன்று. அதைத் தள்ளிப்போட்டவர்கள் எல்லோருமே இரண்டாம் ஆண்டில் அல்லல்பட்டிருக்கிறார்கள். சேர்ந்த மூன்று மாதத்துக்குள் தலைப்பை முடிவுசெய்துவிடுங்கள்.

தலைப்பை நூலகத்தில் தேடுவதற்கு முன் நம் மக்களிடம் தேடலாம் என்று ஏன் சொல்கிறேன் என்றால், நாம் அன்றாடம் கையாளும் அளவுகோல்கள் வேறு நாட்டு வாழ்க்கையை மனத்தில் வைத்து உருவாக்கப்பட்டவை. கைத்திறனை அளக்கும் ஜெப்சன் டெய்லர் சோதனையில் ஏழு பகுதிகள் உண்டு. அவற்றில் ஒன்று, மொச்சை போன்ற பருப்புகளைக் கரண்டியால் எடுத்து உண்பதுபோல் செய்துகாட்டுவது. ஐந்து விரல்களையும் குவித்துச் சோறு பிசைந்து உண்ணும் ஒருவரின் கையை அது எவ்வளவு அளக்கும்? அன்றாடச் செயல்களை 100 மதிப்பெண்ணுக்கு அளக்கும் பார்த்தெல் குறியீட்டில் கழிப்பறைப் பயன்பாடு உண்டு. ஆனால் குந்தி உட்கார்ந்து எழுவதும், தரையில் சம்மணமிட்டு உண்பதும், கிணற்றடியிலிருந்து குடம் தூக்குவதும், சேலை கட்டுவதும் அதில் தனித்தனியே இல்லை. ஏற்காட்டு மலைக் கிராமத்தில் வாழும் ஒரு மலையாளிப் பழங்குடிப் பெண்ணுக்கு, விறகுக் கட்டோடு சரிவில் இறங்குவதும் அன்றாடச் செயல்தான். இந்த இடைவெளி ஒவ்வொன்றும் ஓர் ஆய்வுத் தலைப்பு.

இவ்வகையில் மிகவும் உதவுவது கனடாவில் உருவான செயல்திறன் அளவீடு. அதில் செயல்களின் பட்டியலை நாம் தருவதில்லை; நோயாளியே தமக்கு முக்கியமான செயல்களைச் சொல்லி, அவற்றை எவ்வளவு நன்றாகச் செய்ய முடிகிறது, அதில் எவ்வளவு நிறைவு என்று 1 முதல் 10 வரை மதிப்பிடுகிறார். சிகிச்சைக்குப் பின் 2 புள்ளியோ அதற்கு மேலோ உயர்ந்தால் அதைக் குறிப்பிடத்தக்க மாற்றம் என்று கொள்கிறார்கள். நெசவாளரும் கொலுசுத் தொழிலாளியும் தோட்டத் தொழிலாளியும் தம் வேலையைத் தாமே சொல்ல இடம் தருவதால், இதை நம் மாவட்டத்துக்கு ஏற்ற கருவி என்று கருதுகிறேன்.

ஏதேனும் அளவுகோலைத் தமிழாக்கம் செய்ய நினைத்தால் முதலில் உரிமையாளரிடம் எழுத்தில் அனுமதி பெறுங்கள். இருவர் தனித்தனியே தமிழாக்க, இருவரின் தமிழையும் ஒப்பிட்டு ஒன்றாக்கி, மூலத்தைப் பாராத வேறொருவர் அதைத் திரும்ப ஆங்கிலமாக்க, மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே நோயாளிகளிடம் சோதித்துப் பார்க்க வேண்டும். பாடநூல் தமிழில் எழுதினால் ஓமலூர்ப் பாட்டிக்குப் புரியாது என்பதையும் மறவாதீர்கள். அவர் பேசும் சொல்லிலேயே கேள்வி இருக்க வேண்டும்.

பின்னர் நடைமுறை. ஆய்வுத் திட்டம், ஒப்புதல் படிவம், தகவல் தாள் ஆகியவற்றை நிறுவன நெறிமுறைக் குழுவிடம் கொடுத்து அனுமதி பெறுவது முதல் வேலை. அனுமதிக்கு முன் எடுத்த தரவை ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017இல் வெளியிட்ட நெறிமுறைகளை ஒருமுறை முழுமையாக வாசித்துவிடுங்கள். சிகிச்சை முறை ஒன்றைச் சோதிக்கும் ஆய்வாயின், இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன்பே பதிவு செய்தாக வேண்டும். 2018 ஏப்ரலிலிருந்து பின்தேதியிட்ட பதிவுகளை அவர்கள் ஏற்பதில்லை. புள்ளியியல் வல்லுநரைத் தரவு சேகரித்து முடிந்த பிறகு தேடாமல், எத்தனை பேர் வேண்டும் என்று கணக்கிடும்போதே பாருங்கள். பார்த்தெல் போன்ற குறியீடுகள் வரிசை அளவுகள் (ஏறுவரிசையை மட்டும் காட்டுபவை, புள்ளிகளுக்கிடையே சம இடைவெளி இல்லாதவை) என்பதால் அவற்றுக்குச் சராசரி சார்ந்த சோதனையைக் கண்ணை மூடிக்கொண்டு போடக் கூடாது என்பதை அவர் முதல் நாளே சொல்லிவிடுவார்.

சொந்த மாவட்டத்தில் தரவு சேகரிக்க விரும்புவோர் அதற்கான நாள்களைக் கணக்கில் வையுங்கள். ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறிய பிறகும், மலைக் கிராமங்களுக்குப் பேருந்து நேரம் பார்த்து, மீதியை நடந்து போக வேண்டியிருக்கும். காப்பிப் பழமும் மிளகும் பறிக்கும் மாதங்களில் பகலில் வீட்டில் யாரும் இருக்க மாட்டார்கள். கிராமச் செவிலியரையும் அங்கன்வாடிப் பணியாளரையும் முதலில் சந்தித்துவிட்டால் பாதி வேலை முடிந்துவிடும்.

வெளிநாடு செல்ல எண்ணுவோர்

எம்.ஓ.டி. முடித்தால் வெளிநாட்டில் நேரடியாக வேலை கிடைக்கும் என்று நம்பிச் சேர வேண்டாம். ஒவ்வொரு நாடும் உங்கள் அடிப்படைத் தகுதியை, அதாவது பி.ஓ.டி.யை, முதலில் ஆராயும். உலகக் கூட்டமைப்பின் குறைந்தபட்சத் தரம் 1,000 மணி நேர மருத்துவக் களப்பயிற்சியைக் கோருகிறது. உங்கள் இளநிலைக் கல்லூரி அக்கூட்டமைப்பின் ஒப்புதல் பெற்றதா என்று பாருங்கள். எந்தப் பிரிவில் எத்தனை மணி நேரம் பயிற்சி பெற்றீர்கள் என்ற விவரத்தைக் கல்லூரியின் முத்திரையோடு இப்போதே வாங்கி வையுங்கள். பத்தாண்டு கழித்துப் போய்க் கேட்டால் பழைய பதிவேட்டைத் தேடித்தர ஆள் இருக்காது. அமெரிக்காவுக்குத் தேசியச் சான்றளிப்பு வாரியத்தின் தகுதி ஆய்வு, அதன் பின் தேர்வு, பிறகு மாநில உரிமம் என்று மூன்று கட்டங்கள். இங்கிலாந்தில் உடல்நலத் தொழில்கள் மன்றத்தின் பதிவும், ஆஸ்திரேலியாவில் ஆக்குபேஷனல் தெரபி மன்றத்தின் மதிப்பீடும், ஆக்குபேஷனல் தெரபி வாரியத்தின் பதிவும் வேண்டும்.

படித்து முடித்த பின்

தேசிய உடல்நலத் தொழில்கள் ஆணையச் சட்டம் 2021இல் நிறைவேறியது. அதன் அட்டவணையில் ஆக்குபேஷனல் தெரபி தனிப் பிரிவாக இடம்பெற்றுள்ளது. பதிவேட்டில் பெயர் இருப்பவரே தொழில் செய்யலாம் என்பது அச்சட்டத்தின் ஏற்பாடு. ஆகவே புதிய பட்டம் கிடைத்ததும் பதிவுக்கு வேண்டிய தாள்களை ஒரே கோப்பில் சேர்த்து வையுங்கள். கல்லூரியில் கற்பிக்க விரும்புவோருக்கு எம்.ஓ.டி. அடிப்படைத் தகுதி. மருத்துவமனை வேலைக்குப் போகிறவர்கள் சம்பளத்தோடு, ஒரு நோயாளிக்கு எத்தனை நிமிடம் ஒதுக்குவார்கள் என்பதையும் கேட்டுவிட்டே கையெழுத்திடுங்கள். 20 நிமிடத்தில் நம் வேலையைச் செய்ய முடியாது.

சேலத்துக்கே திரும்பிவந்து சொந்தமாக மையம் தொடங்குவோர் வாடகைக்கு இடம் பார்க்கும்போது மாடியைத் தவிர்த்துத் தரைத்தளத்தையே தேடுங்கள். வாசலில் ஓர் அடி உயரப் படி இருந்தால் அதற்கு 12 அடி நீளச் சரிவுப் பாதை வேண்டும். அந்த அளவுக்கு முன்னால் இடம் இருக்கிறதா என்று நாடாவால் அளந்து பாருங்கள். கதவு குறைந்தது 90 சென்டிமீட்டர் அகலம் இருக்கட்டும். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 அங்கீகரித்துள்ள 21 வகைக் குறைபாடுகளையும் அடையாள அட்டை பெறும் முறையையும் தமிழில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். வருபவர்களில் பலருக்கு அந்த அட்டை தமக்கும் கிடைக்கும் என்பது தெரியாது. உள்ளே ஊஞ்சலும் பந்தும் வாங்குவதற்கு முன், ஓர் அடுப்பு மேடை, ஒரு குந்து கழிப்பறை, ஒரு குடம், உட்கார ஒரு பாய் ஆகியவற்றுக்கு இடம் ஒதுக்கிவிடுங்கள்.